கப்பல் முகப்பில் வந்தது

நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். வீடு பெருந்துறையில். கப்பலில் இருக்கும்போதும் நான் கடலை அதிகம் பார்த்ததில்லை. என் வேலை கீழே, இன்ஜின் அறையில்.

அந்த முறை சிங்கப்பூரிலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்தோம். கொச்சியில் இறங்கி வீட்டுக்குப் போக எனக்கு விடுப்பு கிடைத்திருந்தது. இறங்கிய மறுநாள் கொடுமுடி கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. ஏழு மாதமாக அவளை போனில்தான் பார்த்திருந்தேன்.

இலங்கையின் தென்முனையைத் தாண்டும்போது கப்பலின் வேகம் குறைந்தது. எரிபொருள் வழக்கம்போலத்தான் செலவானது, வேகம் மட்டும் வரவில்லை. கேப்டன் போன் செய்து விசாரித்தார். பம்பு, வால்வு, வடிகட்டி என்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. எதிர் நீரோட்டமாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம். தாமதமானால் காதுகுத்துக்குப் போய்ச் சேர முடியாதே என்பதுதான் என் கவலை. இன்ஜினைக் கொஞ்சம் கூட்டலாமா என்று கேப்டன் கேட்டபோது, தாராளமாகக் கூட்டலாம் என்றேன். கூட்டியதும் நான்தான்.

மறுநாள் கொச்சிக்கு வெளியே, துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் படகு எங்களை நெருங்கியது. அதிலிருந்தவர்கள் முகப்பில் ஏதோ மாட்டியிருப்பதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். நான் மேலே ஏறி ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

ஒரு நீலத்திமிங்கலம். முகப்பின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியின் மேல் உடல் ஒடிந்து, கொடியில் போட்ட ஈரத்துணிபோல இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறோம். இடித்தது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கப்பலைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். நான் கீழே போய் இன்ஜினைத் திருப்பி ஓட்டினேன். அது நழுவி விழுந்துவிட்டதாக மேலிருந்து தகவல் வந்தது. இழுவைப் படகு அதைக் கரைக்கு இழுத்துச் சென்றது.

மாலையில் வாக்குமூலம் கொடுக்கக் கேப்டனோடு நானும் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். எந்த நாட்டுக் கடலில் இடித்தது என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். இலங்கைக் கடலா, பொதுக்கடலா, நம் கடலா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. படிவத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்.

கரையில் ஒரு பெண் விஞ்ஞானி அதை அளந்துகொண்டிருந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசினார். முதுகுத் துடுப்பின் வெட்டை வைத்து அதை அடையாளம் கண்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு வருடம் இலங்கையில் இதையே படம் எடுத்திருக்கிறார்கள், இன்னொரு வருடம் நம் கரைக்கு அருகே. இந்தத் திமிங்கலங்கள் ஓமன் வரைக்கும் போய்வருவதாக நினைக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு நாடும் தன் கடலில் மட்டும் சட்டம் போட்டால் போதாது, போகிற வழி முழுவதையும் எல்லோரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும் என்றார். பிறகு, கேட்காமலேயே சொன்னார்:

"பால் இருக்கு சார். குட்டி எங்கேயோ இருக்கும்."

குட்டி தனியாகப் பிழைக்குமா என்று கேட்டேன். அவர் தலையசைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் கொடுமுடிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மைத்துனர் மடியில் உட்கார்ந்திருந்த மகள், ஊசி பட்டதும் வீறிட்டு அழுதாள். கை உடனே அம்மாவைத் தேடி நீண்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆற்றுப் படித்துறைக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மனைவி தேடி வந்தாள்.

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

திமிங்கலம் மாட்டி வந்ததைச் சொன்னேன். வேகத்தைக் கூட்டியதையும் சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். பிறகு, "அதுக்குக் குட்டி இருந்துச்சுங்களா?"

"இல்ல அம்மணி" என்றேன். அன்று அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விடுப்பு முடிவதற்குள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். இலங்கைக்குக் கீழே கொஞ்சம் தெற்காகப் போனால் திமிங்கலங்கள் மேயும் இடத்தைத் தவிர்க்கலாம், முடியாவிட்டால் அந்த இடத்தில் வேகத்தையாவது குறைக்கலாம் என்று அந்த விஞ்ஞானி சொன்னதை அப்படியே எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த பயணத்தில் கேப்டனிடம் கேட்டுப் பார்த்தேன். அந்த ஒரு முறை தெற்காகத் திருப்பினார். அவருக்குப் பின் வந்தவர் மறுத்துவிட்டார். இதற்கிடையில் வேறு சில கம்பெனிகள் தாங்களாகவே வழியை மாற்றிக்கொண்டன. கடைசியில் எங்கள் கப்பல்களுக்கும் தெற்காகப் போகச் சொல்லி ஒரே பக்கத்தில் உத்தரவு வந்தது.

அதை அந்த விஞ்ஞானிக்குத் தெரிவித்தேன். சந்தோஷப்பட்டார். அந்தக் குட்டி யார் கண்ணிலும் படவில்லை என்றும் சொன்னார். மோதி இறப்பவற்றில் பெரும்பாலானவை நழுவி மூழ்கிவிடும், முகப்பில் தங்குவது அபூர்வம் என்றார்.

அந்த வழியில் நான் பதின்மூன்று வருடம் போய்வந்திருக்கிறேன். வேகம் குறைந்து, காரணம் தெரியாமல், பிறகு தானாகவே சரியான நாட்கள் எத்தனையோ. அப்போதெல்லாம் நீரோட்டம் என்றுதான் பதிவேட்டில் எழுதினேன்.