கம்பியை அழித்த படம்

எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே உள்ளங்கால் கூசும். என் வீட்டார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோதும் சமவெளி பிடிக்காமல் மலையாகப் பார்த்துத்தான் குடியேறினார்கள். அந்த வம்சத்தில் வந்த நான் பிழைப்புக்குப் பிடித்த இடம் கொடைக்கானலில் ஒரு வியூ பாயிண்ட். கழுத்தில் டிஜிட்டல் கேமரா. எதிரே சுற்றுலாக் குடும்பம், அவர்களுக்குப் பின்னால் கம்பித் தடுப்பு, அதற்கும் பின்னால் பள்ளம். எப்படிச் சமாளித்தாய் என்று கேட்பார்கள். கேமராவின் திரையில் பார்த்தால் பள்ளத்தாக்கின் மொத்த ஆழமும் என் கட்டைவிரல் அளவுதான். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டேன்.

டிஜிட்டல் கேமரா அப்போதுதான் எங்கள் மலைக்கு ஏறியிருந்தது. மற்ற போட்டோக்காரர்களுக்கு மூட்டம்தான் எதிரி. மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வரும் ஜனங்கள், மேலே வந்து பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. போட்டோ வேண்டாம் என்று சோளக்கதிரோடு பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் அந்த வெள்ளையை வேறு மாதிரி பார்த்தேன். ஊரில் ஸ்டுடியோக்காரர்கள் பேக்ரவுண்ட் மாற்றுவதற்காகவே சுவரில் வெள்ளைத் துணி கட்டுகிறார்கள். எனக்கு அந்தத் துணியை ஆண்டவனே கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். வாடகை இல்லை, துவைக்கவும் வேண்டாம்.

ஆக, மூட்டத்தில் நிற்க வைத்து எடுப்பேன். மத்தியானம் பஜாரில் பாய் கடைக்குப் போவேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பிரவுசிங் எல்லாம் ஒரே அறையில் நடக்கும் கடை. அங்கே உட்கார்ந்து, யாரோ கொடுத்த சிடியில் வந்த எடிட்டிங் சாப்ட்வேரில் வெள்ளையை அழித்துவிட்டுப் பின்னால் பள்ளத்தாக்கை வைப்பேன். சுற்றி ரோஜாப்பூ பார்டர், மேலே 'மலைகளின் இளவரசி மடியில்' என்று சாய்வெழுத்து. அட்டையில் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, முதுகில் கடை முத்திரை குத்தித் தபாலில் அனுப்பிவிடுவோம். பள்ளத்தாக்கு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு தை மாதக் காலையில் வானம் தெளிந்திருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது. அதில் ஒரு பாறை, பாறைமேல் ஒரு காக்கா. தென்மாவட்டங்களில் எத்தனையோ வீட்டு ஷோகேஸில் இன்றைக்கும் அந்த ஒரே காக்காதான் உட்கார்ந்திருக்கிறது.

தொல்லை கொடுத்தது கம்பித் தடுப்பு ஒன்றுதான். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் தெரிகிற வெள்ளையைத் தனித்தனியாக அழிக்க வேண்டும். மௌஸ் பிடித்த கை மரத்துப்போகும். எனக்கோ சோலி வெரசா முடிய வேண்டும். எதற்கு வம்பென்று கம்பியையும் வெள்ளையோடு சேர்த்தே அழித்தேன். அழித்தால் ஆட்கள் அந்தரத்தில் தொங்கினார்கள். காக்கா உட்கார்ந்த பாறையின் நுனியை இழுத்து அவர்கள் காலடியில் கொடுத்தேன். பிரமாதமாக இருந்தது. என்னையே நான் மெச்சிக்கொண்டேன். இந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

ஐப்பசி மழை விடாமல் பிடித்த ஒரு வாரம். ஊரில் கரண்ட் இல்லை, கூட்டமும் இல்லை. பாய் கடையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தார். ரோஜாப்பூ பார்டர்.

இந்தப் படத்தை எடுத்தது யாரென்று கேட்டார். நான் எழுந்து நழுவுவதற்குள் என் ஆருயிர் நண்பரான பாய் தாடையால் என்னைக் காட்டிக் கொடுத்தார்.

காக்கா விஷயம் வெளியே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு அட்டையிலும் அதே காக்காவைப் பார்த்திருப்பார். அது எங்கள் மலையிலேயே வளர்கிற காக்கா என்று ஒரு பதிலை மனதுக்குள் தயார் செய்துகொண்டேன். அவர் காக்காவைப் பார்க்கவே இல்லை. படத்தில் இருந்த பெண்ணின் பாதத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"இதுக்கு அங்கிட்டு என்ன தம்பி இருக்கு?"

அவர் சொன்னது இவ்வளவுதான். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஊர். படத்தில் இருப்பது மகளும் மருமகனும். கல்யாணமான கையோடு மலைக்கு வந்தவர்கள், சொன்ன நாளில் திரும்பவில்லை. செல்போனில் லைன் கிடைக்கவில்லை. சம்பந்தி வீட்டிலும் தகவல் இல்லை. காலையில் வந்து லாட்ஜில் விசாரித்தால், மழை பிடித்த அன்றைக்கே காலி செய்துவிட்டார்கள் என்கிறார்கள். இதற்கு நடுவில்தான் இந்த அட்டை தபாலில் வீட்டுக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் படுத்த அவர் சம்சாரம் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"புள்ள கையப் பாருங்க தம்பி" என்றார். "எதையோ பிடிக்கப் போயிருக்கு."

பார்த்தேன். வலது கை பின்பக்கமாக நீண்டு, காற்றில் இறுக்கி மூடியிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை. கம்பியை நான் அழித்துவிட்டேன், கையை விட்டுவிட்டேன். அட்டையில் அது, வழுக்கி விழப்போகிற ஒருத்தி கடைசியாக எதையோ பற்றப் பார்க்கிற கையாக இருந்தது. அதற்கு மேலே சாய்வெழுத்தில் மலைகளின் இளவரசி மடியில்.

அது ஒட்டு வேலை, அங்கே கம்பி இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு பயம் வந்தது. படம் எடுத்தது எனக்குத் தெரியும். அதன் பிறகு? அட்ரஸை வாங்கிக்கொண்டு அடுத்த குடும்பத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு நம் கை நமக்குத் தெரியாத மூட்டம். அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் கண்டேனா?

ஒருவழியாகச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"கம்பிய அழிச்சீங்களா? இரும்புக் கம்பியவா?"

கம்ப்யூட்டரில் காட்டலாமென்றால் கரண்ட் இல்லை. அப்படியானால் அந்த இடத்தையாவது காட்டுங்கள் என்று எழுந்துவிட்டார். கரண்ட் வந்தால் மிஷினைப் போட்டு வைப்பதாகச் சொல்லி பாய் பின்தங்கினார். டாக்சியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அவர் வழி நெடுக அட்டையில் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வியூ பாயிண்டில் ஈ காக்கை இல்லை. மூட்டம் தடுப்புக்கு இந்தப் பக்கமே வந்து நின்றது. அவர் கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

"பெயிண்ட் பளபளன்னு இருக்கே. இப்பத்தான் புதுசா வச்சாங்களா?"

சீசனுக்காக அடித்த பெயிண்ட் என்றேன். உண்மையே பேசியும் திருடன் குரல்தான் வந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்க்கம்பியில் காலை வைத்து ஏறி, இடுப்பு வரை அந்தப் பக்கம் சாய்ந்தார். நான் பாய்ந்து இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். யாராவது பார்த்திருந்தால் நான் அவரைக் காப்பாற்றுவது போல இருந்திருக்கும். நான்தான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூட்டத்துக்குள் "பாப்பா" என்று கூப்பிட்டார். ஒரே ஒரு தடவைதான். சத்தமாகக்கூட இல்லை, அடுப்படியில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. திரை இல்லாமல் முதல்முறையாக அன்றைக்குத்தான் நான் கீழே பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்திருந்தால் தேவலை.

கடைக்குத் திரும்பினால் பாய் முகம் சரியில்லை. என்னைத் தனியே இழுத்தார்.

"ஏலே, இடம் பத்தலன்னு பழைய போட்டோவெல்லாம் கொஞ்சம் அழிச்சேன். இது அதுல கெடக்கா, போயிருச்சான்னு தெரியல."

என் கேமராவிலிருந்து அந்தப் படம் எப்போதோ போய்விட்டது. கம்பி இருந்ததற்கு உலகத்தில் ஒரே சாட்சி அந்தக் கம்ப்யூட்டர். அதற்கு உயிர் இல்லை. பெரியவர் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய் வாங்கி வைத்த டீயில் ஏடு கட்டியது.

கரண்ட் வந்தபோது மிஷின் உடனே திறக்கவில்லை. தன்னைச் சரியாக அணைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, நீலத் திரையில் என்னவோ சோதனை போட்டது. பெரியவர் அந்த நீலத்தையே வெறித்துப் பார்த்தார். ஏதோ கெட்ட செய்தி வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. பாய் வாய்க்குள் ஓத ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த சாமிகளை நானும் வரிசையாகக் கூப்பிட்டேன்.

ஃபோல்டர் இருந்தது. படமும் இருந்தது.

வெள்ளை. வெள்ளைக்கு முன்னால் அந்த ஜோடி. பின்னால் பச்சைக் கம்பி. அந்தப் பெண்ணின் வலது கை கம்பியை அழுத்தமாகப் பிடித்திருந்தது. பெரியவர் திரையில் அந்தக் கையின் மேல் விரலை வைத்துக் கம்பி நெடுக ஒரு தடவை ஓட்டினார். பிறகு விரல் படத்தின் ஓரத்துக்குப் போய் நின்றது.

அங்கே பாதி ஆள் நின்றிருந்தார். குரங்குக் குல்லா, பாதி மீசை, கையில் அந்த ஜோடியின் பெட்டி. எனக்கு நினைவு வந்தது. பிரேமை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன், மனிதர் பாதி மட்டும் தள்ளினார். அட்டை போடும்போது மீதிப் பாதியை நான் வெட்டிவிட்டேன்.

"இது சம்பந்தியோட தம்பில்ல" என்றார் பெரியவர். "பூண்டியில வெள்ளைப்பூடு போட்டுருக்காரு. இவரு எப்புடி இங்க?"

மருமகன் மலைக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, தன் வீட்டுக்கு வராமல் போகக்கூடாது என்று பிடித்துக்கொண்டு போயிருப்பார். வேறென்ன? பாய் சட்டென்று நிமிர்ந்தார். மலைக்குள்ளே பூண்டி கிராமத்துக்குப் போகிற பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, போன் கம்பியும் அறுந்துவிட்டது என்றார்.

"பஜாருக்குப் பூடு மூட்டையே வந்து சேரல. உங்க புள்ள மட்டும் எப்புடிங்க வரும்?"

பெரியவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. முழுக்க நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பாதி மீசையை வைத்து எவ்வளவு தூரம் நம்ப முடியும்? அவர் அன்றைக்கு ஊருக்குத் திரும்ப மறுத்து, பாய்க்குத் தெரிந்த ஒரு லாட்ஜில் தங்கினார். நான் வீட்டில் படுத்துக் கண்ணை மூடினால் அந்தக் கை மட்டும் வந்தது.

மறுநாள் பாதையைத் திறந்தார்கள். முதலில் பஜாருக்கு வந்த காய்கறி லாரியின் முன்சீட்டிலிருந்து இரண்டு பேரும் குதித்தார்கள். கடை வாசல் வரை பூண்டு வாடை. அந்தப் பெண் அப்பாவைப் பார்த்து, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க என்று சாதாரணமாகக் கேட்டாள். அவர் அவள் வலது கையைப் பிடித்தார், கடைசிவரை விடவில்லை. நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய் எதையோ தேடினேன். அங்கே தேட ஒன்றும் கிடையாது.

அட்டையைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே குஷி. பாறைமேல் நிற்பது போலவே இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும் என்றாள். பெரியவர் என்னிடம் திரும்பினார்.

"கம்பிய போட்டுக் குடுங்க தம்பி. இல்லன்னா இவ அம்மா நம்ப மாட்டா."

உட்கார்ந்தேன். பழைய படத்திலிருந்து கம்பியை மட்டும் பிரித்து ஒட்ட வராததால், கோடு கோடாக நானே வரைந்தேன். அவசரமில்லாமல், ஒவ்வொரு கம்பியாக. பெரியவர் பின்னால் நின்று, இந்த இடத்தில் இடைவெளி அதிகமாக இருக்கிறது, இன்னொன்று போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடித்தபோது மாட்டுத் தொழுவம் மாதிரி இருந்தது. அவருக்குத் திருப்தி.

காக்கா மட்டும் கம்பிக்கு வெளியே பாறை நுனியில் உட்கார்ந்திருந்தது. எனக்குத் துணிச்சல் திரும்பியிருந்தது. அதையும் உள்ளே கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

பெரியவர் குனிந்து, முதல்முறையாகக் காக்காவைப் பார்த்தார்.

"அது பறந்துக்கிரும். விடுங்க."