எண்ணூற்றை ஆயிரமென்றேன்

நான் என் மருமகளிடம் பொய் அளவு சொன்னேன். எண்ணூறு மீட்டரை ஆயிரம் என்றேன். ஒரு நாளல்ல... பன்னிரண்டு வாரம்!

முப்பத்திரண்டு ஆண்டுகள் நில அளவையராக இருந்தவன் நான். கம்பம், உத்தமபாளையம் பக்கம் வரப்புத் தகராறு என்றால், நான் ஊன்றிய கல்லை இரு தரப்பும் ஏற்பார்கள். அந்தக் கைதான் இதைச் செய்தது.

மருமகள் பூங்கொடிக்கு நாற்பத்தொரு வயது. மதுரையில் மாரத்தான் ஓடப்போவதாகச் சொன்னாள், நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

"மாடிப்படி ஏறுனாலே உனக்கு மூச்சு வாங்குது. பேசாம பஸ்ல போய்ட்டு பஸ்ல வா!" என்று என் மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

என்னிடம் வந்தாள். "வாட்சு, போனு எதுவும் வேணாம் மாமா. அதப் பாத்தா மனசு அங்கனயே நின்னு போகுது. நீங்க அளந்து குடுத்து எண்ணுங்க. நான் ஓடிக்கிறேன்."

வாய்க்கால் கரையில் பாலத்திலிருந்து மதகு வரை ஆயிரம் மீட்டர் அளந்தேன். சரியான ஆயிரம். ஒருமுறை ஓடிக் கடந்தால் ஒரு நடை, ஒரு கிலோமீட்டர். இருபதாவது நடையில் நின்றுவிடுவாள். நான்கு ஞாயிறும் அதே இருபது! நிற்பது கால் அல்ல, மனம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே தவறோ?

ஐந்தாம் ஞாயிறு, மதகுக்கு முந்நூறு மீட்டர் முன்பே ஒரு தென்னையில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். பாலத்துப் பக்கம் நூறு மீட்டர் மட்டுமே பின்னே தள்ளினேன்.

"மதகுகிட்ட சேறா இருக்கு தாயி. இங்கனயே திரும்பு. பாலத்துப் பக்கம் கோட்டப் பின்னாடி தள்ளிட்டேன். மொத்தத்துல அதே ஆயிரந்தான்."

"நீங்க சொன்னாச் சரிதான் மாமா."

அன்று இருபத்துநான்கு நடை ஓடி அழுதாள்... ஆனந்தத்தில்! உண்மையில் அது பத்தொன்பது கிலோமீட்டர் சொச்சம். பழைய இருபதைக்கூட அவள் தொடவில்லை. வாரம் ஒரு நடை கூடியது. அவள் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினாள். கேலி செய்த மகனும் அடங்கினான். "முப்பத்தஞ்சு ஓடிட்டேன்க்கா. மாமா அளந்தாக!" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். நான் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். இருபத்தெட்டு.

மதுரையில் முப்பத்துமூன்றாம் கிலோமீட்டர்ப் பலகையருகே உட்கார்ந்துவிட்டாள். நான் அங்கேதான் நின்றேன்.

"முப்பத்தஞ்சு ஓடுன காலு மாமா... காலுக்கு என்ன கேடு? எனக்கு மனசுலதான் தெம்பில்ல."

தன் வாழ்நாளில் ஓடாத ஐந்து கிலோமீட்டரை அன்று அவள் கூடுதலாக ஓடியிருந்தாள். அதைச் சொல்ல என்னால் மட்டுமே முடியும். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தேன்... அவ்வளவுதான்!

அவளை முப்பத்துமூன்று வரை கொண்டுவந்தது என் பொய்யா? அங்கே உட்காரவைத்ததும் அதேதானா? உண்மையாகவே முப்பத்தைந்து ஓடவிட்டிருந்தால் முடித்திருப்பாளா, இல்லை இருபதிலேயே விட்டிருப்பாளா? எப்படிக் கணக்குப் போட்டாலும் விடை வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு விடை. உங்களுக்காவது தெரிகிறதா?

ஏழு மாதமாக அவள் ஓடவில்லை. நேற்று சோறு போட்டுவிட்டு எதிரே நின்றாள்.

"மாமா... அந்தத் தென்னமரத்துக் கோடு. அளவுல ஏதும் கூடக்கொறைய இருந்திருக்குமோ?"

சந்தேகமாகக் கேட்கவில்லை. 'ஆமாம்' என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று ஏங்கிக் கேட்டாள்! மூன்றே எழுத்து போதும், அவள் தலை நிமிர்ந்திருக்கும். என் அளவு பொய்த்திருக்கும்.

"என் அளவு என்னைக்கும்மா தப்பியிருக்கு?" என்றேன்.

"அதான... அப்ப நான்தான் மாமா" என்று சொல்லிவிட்டு, எனக்கு மோர் ஊற்றினாள்.