பொலிதேயாமாவில் ஐஸ் போட்ட டிசம்பர்

வேலைக்குச் சேர்ந்த அன்று, தன் கணவர் ஹொக்கி வீரராக இருந்தவர் என்று அந்த வீட்டு அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, சொன்னபோது நான் மரியாதைக்குத் தலையை ஆட்டிவைத்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும்தான் ஹொக்கி இருந்தது. வளைந்த தடியோடு புழுதிக்குள் ஓடி, முழங்காலை உடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அதற்கு ஒருவர் சம்பளம் வாங்கினார் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் ஆடியது பனிக்கட்டித் தரையில் என்று விளங்கவே ஒரு கிழமை எடுத்தது. பலெர்மோவில் ஐஸ் என்றால் கபோ சந்தையில் மீனுக்கு அடியில் கிடப்பது. அதன் மேல் மனிதர் எப்படி ஓடுவது?

நோயாளியான அவரைக் குளிக்க வார்ப்பது என் வேலை. அதனால் அவர் விளையாட்டை முதலில் அவர் உடம்பில்தான் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கம் வளைந்திருந்தது. முன்பற்கள் நாலும் கட்டியவை. வலது தோள் இடது தோளைவிடக் கீழே தொங்கியது. புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. ஆட்டத்தின் நடுவில் அந்தக் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு, அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கினேன் என்றார். கிழவர் நன்றாகப் புளுகுகிறார் என்று நினைத்துக்கொண்டு சவர்க்காரம் போட்டேன்.

ஆனால் கதைகள் தொடர்ந்து வந்தன. நோய் அவருடைய குரலையும் இறுக்கியிருந்ததால் காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும். வடக்கே மலைக்குள் ஒரு சின்ன ஊர். குளிர்காலம் முழுக்க விளையாட்டு, கோடையில் மரவேலை. பந்து இல்லை, தட்டையான கறுப்பு ரப்பர் வில்லை ஒன்று. அது வரும் வேகத்துக்கு உடம்பைக் குறுக்கே போடுவதுதான் அவருடைய பொறுப்பு. கோல் விழாமல் தடுக்கத் தன் முகத்தைக் கொடுத்த மனிதர். அந்த ஊருக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்த பலெர்மோப் பெண்தான் சிஞ்ஞோரா. குளிர் அவவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விளையாடும் வயது முடிந்ததும் அவர் அவவோடு இங்கே வந்து, பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கம் ஒரு கடையில் விளையாட்டுச் சப்பாத்து விற்றிருக்கிறார்.

(அவர்கள் பேசியது இத்தாலியன்தான். என் காதுக்கு அது எங்கள் பேச்சாகவே பதிந்துவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.)

அவருக்கு வந்த நோய் பார்க்கின்சன். கால் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும். அறை வாசலுக்கு வந்தால் அப்படியே நின்றுவிடுவார். மூளை போ என்கிறது, பாதம் கேட்பதில்லை. லிபெர்த்தா வீதியில் இருந்த அந்த வீட்டில் வாசல்களுக்குக் குறைவில்லை. மிலானோவில் இருந்த மகன் அங்கே ஒரு முதியோர் விடுதியில் இடம் பிடித்துவிட்டான். வருஷம் பிறந்ததும் வந்து தகப்பனைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவர் மிலானோவில், சிஞ்ஞோரா பலெர்மோவில். சேர்ந்து வாழ்ந்தவர்களை இப்படிப் பிரித்துவைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சம்பளத்துக்கு வந்தவன் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

சிஞ்ஞோராவும் பாவம். குசினிக்குள் நின்று போனில் மகனுக்குச் சொல்லி அழுவா. "வாசலைத் தாண்ட ஏலாமல் கிடக்கு. சப்பாத்துப் போடக்கூட விடுறாரில்லை. கால் கட்டைமாதிரி விறைச்சுப் போகுது. நான் என்னடா செய்ய?"

சப்பாத்து விஷயம் உண்மை. ஒவ்வொரு காலையும் எனக்கும் அவருக்கும் அது ஒரு சண்டை. நான் முழங்காலில் இருந்து அவருடைய வலது காலைத் தூக்குவேன். அது இறுகிவிடும். இழுப்பேன், கெஞ்சுவேன், கடைசியில் எப்படியோ திணித்து விடுவேன். நோய் முற்றுகிறது என்று சிஞ்ஞோரா நினைத்தா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டிசம்பரில் பொலிதேயாமாச் சதுக்கத்தில் நத்தார்ப் பண்டிகைக்காக ஐஸ் தளம் ஒன்று போட்டார்கள். சக்கரக் கதிரையில் அவரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பலகை வேலிக்குப் பின்னால், சப்பாத்துக்கு அடியில் பூட்டிய கத்தி ஐஸைக் கீறுகிற சத்தம் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நடுங்கும் கைதான், ஆனால் எனக்கு வலித்தது.

"அலுமாரிக்கு மேலை என்ரை சப்பாத்து கிடக்கு. எடும்," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"விழுந்தால் இடுப்பு முறியும்!" என்று சிஞ்ஞோரா கத்தினா.

"இடுப்பு என்ரைதானே," என்றார் அவர்.

மிலானோவுக்குப் போக முதல் கேட்கிற ஒரே ஆசை என்று நினைத்தாவோ என்னவோ, கடைசியில் சிஞ்ஞோரா இறங்கிவந்தா. ஒரு நாள் காலை, ஆட்கள் வர முதல், தளத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு மூவரும் போனோம்.

வாங்கில் அவரை இருத்தி, கத்தி பூட்டிய அந்தக் கனத்த சப்பாத்தை எடுத்தேன். வலது கால். விறைத்தது. திரும்ப முயன்றேன். விறைத்தது. தளத்துக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிஞ்ஞோரா முகத்தைத் திருப்பிக்கொண்டா. "போதும். வீட்டை போவம்."

"இடது," என்றார் அவர்.

அப்படி உரத்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இடதுதான் முதல். எப்பவும். ஒரே ஒருக்கா வலதை முதல் போட்டனான். அண்டைக்குத்தான் இந்தத் தோள் போனது."

நான் சப்பாத்தைக் கீழே வைத்தேன். புது வீடு, கலியாணம், முதல் நாள் வேலை, எதுவானாலும் எங்கள் ஆட்கள் வலது காலைத்தான் எடுத்து வைப்போம். நோயாளிக்கு நல்லது நடக்கட்டும் என்று நான் தினமும் வலதிலேயே தொடங்கியிருக்கிறேன். அவரோ வாழ்க்கை முழுக்கப் பயந்த காலை முதலில் நீட்ட மாட்டேன் என்று தினமும் என்னோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றா சிஞ்ஞோரா.

"நீர் கேக்கேல்லையே."

இடது கால் வெண்ணெய்போல உள்ளே போனது. பிறகு வலது. நானும் தளத்துக்காரரும் இரண்டு பக்கமும் தாங்கித் தளத்தின் வாசலுக்குக் கொண்டுபோனோம். வாசலில் வழக்கம்போல நின்றார். நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். அவர் குனிந்து ஐஸைப் பார்த்தார். இடது காலை வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? முதல் சுற்றில் ஒரு கை வேலியில் இருந்தது. இரண்டாவது சுற்றில் இல்லை. முழங்கால் மடிந்தது, முதுகு தாழ்ந்தது, தொங்கிய தோளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. கட்டிலில் இருந்து கதிரைக்கு வர என் இரண்டு கையும் கேட்கிற மனிதர், வளைவில் ஒரு காலுக்கு மேலால் மறுகாலைத் தூக்கி வைத்துத் திரும்பினார். திரும்பியவர் பின்பக்கமாகப் போனார்! நான் சத்தம்போட்டுச் சிரித்தேன். புளுகு என்று நினைத்த ஒவ்வொரு கதையையும் அந்த நிமிஷமே நம்பினேன். முகத்தில் தையலோடு இவர் இறங்காமல் வேறு யார் இறங்குவது?

நடக்க முடியாதவர்களிலும் சிலருக்குப் பழகிய அசைவு இப்படித் திரும்ப வருவதுண்டு என்று பிறகு வைத்தியர் விளக்கினார். விளக்கம் இல்லாமலே எனக்குப் போதுமாக இருந்தது.

சிஞ்ஞோரா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவர் நேரே அவவை நோக்கி வந்து, சட்டென்று பக்கவாட்டில் திரும்பி நின்றார். ஐஸ்தூள் பறந்து அவவுடைய நல்ல கோட்டில் விழுந்தது. அவ அதைத் தட்டவில்லை.

வெளியே கால் வைத்ததும் பாதம் திரும்ப ஒட்டிக்கொண்டது. அரும்பாடுபட்டு வாங்குக்குக் கொண்டுவந்தோம். நான் குனிந்து நாடாக்களை அவிழ்த்துக்கொண்டிருக்க, சிஞ்ஞோரா போனை எடுத்தா.

"நீ வா. ஆனால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக இல்லை, சாமான் கட்ட வா. நாங்கள் ரெண்டு பேரும் அப்பாவின்ரை ஊருக்குப் போறம். ஓம், மலைக்குத்தான். ஐஸ் தளத்துக்குக் கிட்ட ஒரு வீடு பார்."

எனக்கு வேலை போகிறது என்று விளங்கியது. ஆனாலும் அவருடைய காலைப் பிடித்திருந்த கையை எடுக்க மனம் வரவில்லை. மறுமுனையில் மகன் குளிரைப் பற்றி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சிஞ்ஞோராவின் குரல் உயர்ந்தது.

"எனக்குக் குளிருமெண்டு எனக்குத் தெரியாதோ? இத்தனை வருஷமாய் இவர் இந்த வெயிலுக்குள்ளை இருந்தவர். ஒரு நாளாவது வாய் திறந்தவரோ?"