லெட்டிக்குத் தைத்த கார்செட்

கெசையா பிரிவெட்டின் குழந்தை வண்டியில் குழந்தை உட்கார்ந்து பல வருஷமாகிவிட்டது. அவள் ஒருத்தி என்றில்லை, இங்கிலாந்துத் துறைமுகமான போர்ட்ஸீயில் கப்பல்துறைச் சுவரை ஒட்டிய சந்துகளில் பெண்கள் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகளில் எல்லாம் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளுடுப்பான கார்செட்தான் படுத்திருக்கும். பட்டறையில் வெட்டிக் கட்டிக் கொடுப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரவர் வேலையை முடித்து, மழையில் நனையாமல் எண்ணெய்த்துணி போர்த்தித் திரும்பத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆண்கள் கடலில். என்ன செய்வது, வயிறு கரையில் இருக்கிறதே.

கெசையாவுடையது கடைசி வேலை, பூத்தையல். கார்செட் துணிக்குள் வரிசையாக நிற்கும் திமிங்கில எலும்புகள் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்காமல், ஒவ்வொரு எலும்பின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பட்டு நூலால் விசிறி மாதிரி ஒரு பூப்போட்டு இறுக்குவாள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். தைத்தவளுக்கு அது பூட்டு. கெசையா பூட்டிய எலும்பு இம்மியும் நகராது என்று பட்டறையில் பெயர்.

முடித்ததும் கார்செட்டை நடுவில் மடித்து, வலது பாதியை இடது பாதியின் மேல் போட்டு, விளிம்போடு விளிம்பும் பூவோடு பூவும் சேர்கிறதா என்று பார்ப்பாள். பட்டறையில் சரிபார்க்கிற மிஸஸ் ஹோர் செய்வதும் அதைத்தான். ஒரு பூ விலகியிருந்தாலும் மூஞ்சியில் விட்டெறிவாள். சிறு பெண்ணாக ஊசி பிடித்த நாளிலிருந்து மடித்து மடித்துப் பழகிய கை. துண்டைக் காயப்போட்டாலும், ரொட்டியை அறுத்தாலும் பாதிக்குப் பாதி சரியாக இருக்க வேண்டும் அந்தக் கைக்கு. கடைசியில் அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது.

அவளுடைய ஒரே மகள் லெட்டி. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் விழுந்த பிள்ளை எழுந்தபோது ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. போகப்போக முதுகு கோணி, இடது பக்கத்து விலா புடைத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பிள்ளையின் மேல் சாய்ந்துவிடுவாள். அப்பன் வால்டர் எங்கேயோ சீனக் கடலில் கப்பல் கொதிகலனுக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு இது எதுவுமே தெரியாது.

பள்ளிக்கு வந்துபோகும் தர்மசங்கத்து மிஸ் டெவனிஷ் லெட்டியைப் பார்த்துவிட்டாள். நல்ல மனுஷிதான். அதுதான் பயமே, நல்ல மனுஷிகள் பிடித்தால் விடமாட்டார்கள்.

"கடலை விட்டு உள்ள தள்ளி ஒரு இல்லம் இருக்கு. பலகையில படுக்க வச்சு நல்லாப் பாத்துப்பாங்க. நீங்க கவலையே பட வேண்டாம்" என்றாள்.

அடுத்த வீட்டு மில்லி ஸ்டேர்ஸிடமும் இதையேதான் சொன்னார்கள். அவள் மகன் ஆல்ஃபி வண்டியில் ஏறி உட்கார்ந்து, தெருமுனை வரைக்கும் கையாட்டிக்கொண்டே போனான். மறு வருஷம் அவன் பூட்ஸ் மட்டும் வந்தது.

கெசையா மிஸ் டெவனிஷின் பின்னாலேயே ஓடி ஓடிக் கெஞ்சியதில் ஒரு வழி கிடைத்தது. வியாழக்கிழமை டாக்டர் ஓக்ஷாட் பள்ளிக்கு வருவார். அவர் முன்னால் லெட்டி நிமிர்ந்து நடந்து, ஒழுங்காக உட்கார்ந்து எழுந்து காட்டினால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அன்றைக்கே வண்டி.

முதுகுக்கென்று டாக்டர்கள் செய்து கொடுக்கும் கார்செட் உண்டு. அதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு. கெசையா நேரே மில்லியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நானே தைக்கப் போறேன். எத்தனை ஆயிரம் முடிச்சுக் குடுத்திருப்பேன், ஒண்ணு தைக்க முடியாதா?"

"முடிச்சிருக்கே, சரி. தச்சிருக்கியா? கேக்கு மேல சர்க்கரை தூவுறவ, எனக்கு அடுப்பும் மூட்டத் தெரியும்னு சொன்ன கதையா இருக்கு."

"உன் மெஷினைக் குடு மில்லி. வாயைக் குடுக்காத."

மில்லி மெஷினின் மேலிருந்த துணியை இழுத்துப் போட்டாள். ஆல்ஃபிக்குப் பிறகு அவளால் இந்த விஷயத்தில் யாரையும் கிண்டல் பண்ணத் தொடங்க முடிந்ததே தவிர, முடிக்க முடிந்ததில்லை.

பூஞ்சை பிடித்ததென்று பட்டறை கழித்துப் போட்ட பெரிய பெண்கள் போடும் கார்செட் ஒன்று கெசையாவிடம் இருந்தது. அதைப் பிரித்து, துண்டு துண்டாகச் சுருக்கி வெட்டினாள். லெட்டியின் இடுப்பையும் மார்பையும் ஒரு கயிற்றால் சுற்றி அளவெடுத்தாள். அவ்வளவுதான் அளவு. மில்லி மெஷினில் நேர்த்தையல் ஓட்டித் தந்தாள். நீண்ட எலும்புகளைக் கொதிக்கும் கெண்டியின் மூக்கில் காட்டி வளைத்து, அளவுக்கு நறுக்கி, முனையை உரசி மழுக்கி ஒவ்வொன்றாகச் செருகினாள். லெட்டி கொழுப்புத் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு, அம்மா தனக்காக ஊசி பிடிப்பதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அந்த வீட்டில் தைத்ததெல்லாம் ஊராருக்குத்தான்.

பூத்தையலுக்கு மஞ்சள் பட்டு. சீமாட்டிகளின் கார்செட்டில் மிஞ்சிய துணுக்குகளைப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். தன் உயிரையே ஊசியில் கோத்த மாதிரி ஒவ்வொரு விசிறியையும் போட்டு இறுக்கினாள். முடித்ததும் மடித்துப் பார்த்தாள். விளிம்போடு விளிம்பு, பூவோடு பூ. மிஸஸ் ஹோர் கண்ணாடி போட்டுத் தேடினாலும் குற்றம் கிடைக்காது.

கட்டி விட்டதும் லெட்டி நிமிர்ந்துவிட்டாள். இரண்டு தோளும் ஒரே மட்டம். மில்லி வாசலில் நின்று பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"எங்கயாவது வலிக்குதாடி?"

"இல்லம்மா."

"குத்துதா?"

"இல்லங்கிறேன்ல. இறுக்கியே கட்டு."

கெசையா கவனிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது, பேச்சு பாதி மூச்சில் வந்தது. எல்லாவற்றையும் பார்த்தாள். புதுத் துணி, போட்டால் பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்துபோன மனசு எதைத்தான் சொல்லிக்கொள்ளாது.

வியாழக்கிழமை பள்ளியின் பெரிய அறையில் லெட்டி நடந்தாள். அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். கெசையா அடுப்பின் பக்கத்தில் நின்று, கூடவே தானும் நடப்பதுபோல் கால்விரல்களை அழுத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓக்ஷாட் தாடியைத் தடவியபடி பார்த்தார்.

"பரவாயில்லையே. எங்க, உக்காரு பாப்போம். உக்காந்தபடியே குனிஞ்சு அந்த சிலேட்டை எடும்மா."

லெட்டி உட்கார்ந்தாள். குனிந்தாள். வேறு யாராவது தைத்த கார்செட்டாக இருந்தால் எலும்பு கொஞ்சம் நழுவி வழி விட்டிருக்கும். இது கெசையா பூட்டியது, நகரவில்லை. பிள்ளை சத்தமே போடாமல் பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தாள்.

டாக்டர் கார்செட்டின் கயிற்றை அறுத்துக் கழற்றினார். புடைத்த விலாவின் மேல் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. ஒருநாள் புண் இல்லை, கட்டிய முதல் நாளிலிருந்தே, கழற்றவும் விடாமல், பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மஞ்சள் பூ ஒன்று சிவந்து நனைந்திருந்தது.

"பெத்த பிள்ளையை என்ன பண்ணி வச்சிருக்கீங்க" என்றாள் மிஸ் டெவனிஷ். கோபமாகக்கூட இல்லை, அழுகிற குரலில் சொன்னாள்.

லெட்டிக்கு நினைவு திரும்பியது. கெசையா அவளைத் தன் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கார்செட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யார் தச்சது?"

"நாந்தாங்க ஐயா."

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தச்சிருக்கியேம்மா. உன் பிள்ளை அப்படி இல்லையே."

கெசையா தினமும் குளிப்பாட்டித் துடைத்த உடம்பு, எந்தப் பக்கம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். ஊசியை எடுத்ததும் அந்த உடம்பை மறந்து, மிஸஸ் ஹோருக்குத் தைத்திருக்கிறாள். பாதியின் மேல் பாதி சேர வேண்டும் என்று தைத்திருக்கிறாள். பாவி, பாவி என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

"வண்டி வாசல்ல நிக்குது டாக்டர்" என்றாள் மிஸ் டெவனிஷ்.

கெசையா டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, கொஞ்ச நேரம் குடுங்க. இங்கயே பிரிச்சுத் தச்சுடறேன். உங்க கண்ணு முன்னாடி தைக்கிறேன். இவளை விட்டா எனக்கு வேற பிள்ளை இல்லீங்க ஐயா."

டாக்டர் கோட்டை விடுவித்துக்கொள்ளவில்லை. வெளியே வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளை எட்டிப் பார்த்தார்.

"இவங்களையெல்லாம் நான் பாக்கணும். பாத்து முடிக்கிற வரைக்கும் வண்டி நிக்கட்டும். அதுக்கப்புறம் என்னைக் கேக்காத."

போர்ட்ஸீப் பெண்ணுக்கு ஊசி எப்போதும் மார்புத்துணியில் குத்தியிருக்கும். வாத்தியாரம்மாளிடம் கத்திரிக்கோல் வாங்கி, அடுப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இடது பக்கத்துப் பூக்களைப் பிரிக்கத் தொடங்கினாள். வரவில்லை. அவள் போட்ட பூட்டல்லவா, அவளுக்கே திறக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பட்டு நூல் ஈறைக் கிழித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக டாக்டரிடம் போய் நாக்கை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசை குறையக் குறைய அவள் இன்னும் வேகமாகக் கடித்து இழுத்தாள்.

எலும்புகளை உருவினாள். பக்கத் தையலை வாய் பிளக்க அறுத்தாள். லெட்டியைத் தன்னை நோக்கித் திருப்பி, அந்தப் புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மா, என் பூட்ஸும் திரும்பி வந்துடுமா? ஆல்ஃபியோடது வந்துச்சே."

"வாயை மூடுடி. மூச்சை இழு. இன்னும். வயிறு முட்ட இழு. அப்படியே நில்லு."

பிள்ளையின் நெஞ்சு முழுதாக நிறைந்து நின்ற அளவுக்குத் தன் ஏப்ரனில் ஒரு துண்டை வெட்டினாள். அதைப் பிளவில் வைத்துக் கையாலேயே தைத்தாள். புடைப்பின் மேல் எலும்பே வைக்கவில்லை. ஒன்றை முன்னால் தள்ளினாள், ஒன்றைக் குட்டையாக நறுக்கிப் பின்னால் வைத்தாள். கை நடுநடுவே கார்செட்டை மடிக்கப் போயிற்று. "போதும் சனியனே" என்று கையைத் திட்டினாள். வாத்தியாரம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

புது நூல் இல்லை. பிரித்த பட்டு நூலையே, சுருண்டு நைந்து கிடந்ததை, எச்சில் தொட்டு நீவி ஊசியில் கோத்தாள். விசிறி வரவில்லை. காக்கைக் காலடி மாதிரி ஏதோ ஒன்று வந்தது. இவ்வளவு அசிங்கமான பூவை அவள் பிறந்ததிலிருந்து போட்டதில்லை. கடைசிப் பையன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

புண்ணின் மேல் பஞ்சு வைத்து, அறுந்த கயிற்றை முடிந்து, லெட்டிக்குக் கட்டிவிட்டாள். தோள் மட்டமாகவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

லெட்டி நடந்தாள். உட்கார்ந்தாள். கெசையாவால் பார்க்க முடியவில்லை, திறந்திருந்த கதவு வழியாக வண்டிக் குதிரை தலையாட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் சிலேட் ஒன்று மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"நிமிரலையே" என்றாள் மிஸ் டெவனிஷ்.

"நிமிராது. விழாம இருக்கா, மூச்சு விடறா." டாக்டர் லெட்டியின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தார். "ஈஸ்டர் வரைக்கும் அம்மாகிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கம்மா. வளர்ற பிள்ளை. முதுகு மாறிக்கிட்டே இருக்கும். அது மாற மாற நீ இதைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கணும். விட்டேன்னா திரும்பவும் இதே புண்ணு, இதே வண்டி."

வண்டி காலியாகப் போயிற்று. தெருவில் அதைப் பார்த்த மில்லி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் லெட்டியைக் குப்புறப் படுக்க வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, ரத்தக் கறையைக் கழுவிய கார்செட்டைக் கெசையா மடியில் எடுத்தாள். அவசரத்தில் ஒரு எலும்பின் கால்மாட்டுக்குப் பூவே போடாமல் விட்டிருந்தாள். அதைத் தேடும்போது கை தன் பாட்டுக்குக் கார்செட்டை மடித்தது. விளிம்பு விளிம்போடு சேரவில்லை. இந்தப் பக்கத்துப் பூ எங்கேயோ, அந்தப் பக்கத்துப் பூ எங்கேயோ. மகளின் முதுகு அப்படியே அவள் மடியில் கிடந்தது. அவள் விசும்பி விசும்பி அழுதாள்.

"தப்பா வந்துடுச்சாம்மா?" என்றாள் லெட்டி படுக்கையிலிருந்து.

"இல்லடி. சரியா வந்திருக்கு. தூங்கு."

ஊசியில் பட்டு நூலைக் கோத்து அந்தக் கடைசிப் பூவைப் போட்டாள். முடிச்சுப் போடும் இடம் வந்ததும் நிறுத்தி, நூலை வெட்டாமல் நீளமாகவே விட்டு, துணிக்கு அடியில் செருகி வைத்தாள். பிள்ளை வளர்ந்தால் பிரிக்க வேண்டியிருக்கும்.