வேலிப் பொட்டும் வேட்டைநாயும்

பங்குனி இரண்டாம் திகதி, காலை எட்டேகால், காற்றில்லாத வெயில். வளவில் எலித்தொல்லை என்று வேட்டைநாய் வாங்க நானும் மனைவியும் கரவெட்டிக்குப் போனோம். நாய் விற்பவர் ஒட்டிய கன்னக்காரர். பேசும்போதெல்லாம் குட்டியின் கண்ணைக் கையால் மூடிக்கொள்வார்.

"இந்தக் குட்டைக்கால் பீகிள் வேலிப் பொட்டுக்குள்ளாலை பூரும். அந்த நெட்டைக்கால் சிப்பிப்பாறை வேலிக்கு மேலாலை பாயும்," என்றார்.

மனைவியின் முகம் இறுகியது. எங்கள் வேலிக்கு அப்பால் அவள் அக்காவும் கோழிகளும். இரண்டு வீட்டாரும் போய்வர வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் இடைவெளி.

"பொட்டை அடைச்சா, அக்காவோடை சண்டை எண்டெல்லோ ஊர் கதைக்கும்!" என்றாள்.

குட்டைக்கால் அதிகம் ஓடாது என்று நான் பீகிளைக் காட்டினேன்.

"ஓம் ஐயா. அக்காவின்ரை கோழியளையும் இப்பவே விலை பேசி வையுங்கோ," என்றார் சிரிக்காமல்.

பகிடியா, எச்சரிக்கையா, இன்றும் எனக்கு விளங்கவில்லை. பொட்டை அடைக்கவில்லை. குட்டிக்கு நாற்பதாயிரம், அது பொட்டால் பூர்ந்து கடித்த ஆறு கோழிகளுக்குப் பன்னிரண்டாயிரம், ஆக ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய்.