துண்டுக்கு அடியில் ஒரு பட்டப்படிப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூரிலிருந்து ஜமீல் பாய் போன் செய்தார். ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் முதலாளி. என் அப்பா அங்கே ஷிப்பிங் கிளார்க்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, நல்லா இருக்கியா? உங்க காலேஜ்ல அப்ளிகேஷன் எப்ப குடுப்பாங்க?"

"யாருக்கு பாய்?"

"நம்ம சின்னப் பொண்ணுக்குத்தான். நீ படிச்ச அதே படிப்புதான் வேணுமாம். ஒரே பேஜார் பண்றா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் என்கிறீர்களா? அதற்குப் பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

வேலூரில், இப்போது நான் பாடம் நடத்தும் இதே கல்லூரி, அந்த வருஷம்தான் பி.ஏ. ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் என்று ஒரு கோர்ஸை ஆரம்பித்திருந்தது. சேர்ந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருவன் பி.காம். என்று நினைத்துச் சேர்ந்தவன்! என் அம்மா நர்ஸ். எனக்கும் நர்சிங் ஃபாரம் வாங்கி, அவரே அத்தனை கட்டத்தையும் நிரப்பி வைத்திருந்தார். பாக்கி என் கையெழுத்து மட்டும். போட மாட்டேன் என்றேன். மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

சர்ச் வாசலில் தினுசு தினுசாக விசாரணை. "டீச்சர் ட்ரெய்னிங் படிச்சா ஸ்கூல்ல வேலை. லெதர் டெக்னாலஜி படிச்சா உள்ளூர்லயே வேலை. இதப் படிச்சிட்டு இன்னாம்மா ஆவப் போற?" ஏதோ நான் திருடப் போகிற மாதிரி கேட்டார்கள்.

அப்பா ஸ்வீட் பாக்ஸோடு என்னை முதலாளியிடம் அழைத்துப் போனார். கோர்ஸ் பேரைக் கேட்டதும் ஜமீல் பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபைனான்ஸா? வட்டிக்கு விடற படிப்பா? அதுக்கு காலேஜ் இன்னாத்துக்கும்மா? பஜார்ல ரெண்டு நாள் நின்னா தானா வந்துடும்!"

ஆபீஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததைப் பற்றிக் கவலையில்லை... அப்பா சிரித்தது சுருக்கென்று தைத்தது. முடித்துக் காட்டுகிறேன் பார், என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

படிப்பு லேசாக இருந்ததா என்றால், இல்லை. புத்தகத்தில் எல்லாமே அமெரிக்கக் கோதுமை, ஆரஞ்சு ஜூஸ். எங்கள் சாரே முந்தின நாள் படித்துவிட்டு வந்துதான் நடத்துவார். ஒரு லீவு நாளில் அப்பாவோடு தோல் மண்டிக்குப் போனேன். அங்கே விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. வாங்குபவரும் விற்பவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். விரலைப் பிடித்து விலை சொல்வது, விரலை விட்டுக் குறைப்பது... பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜமீல் பாய் அதில் கில்லாடி. எதிராளியின் சுண்டுவிரல் லேசாகத் தளர்ந்தால் போதும், இன்னும் இறங்குவான் என்று கண்டுபிடித்துவிடுவார். ஆரஞ்சு ஜூஸில் புரியாத பாடம் எனக்கு அந்தத் துண்டில் புரிந்தது.

இனி சமீபத்துக்கு வருகிறேன். போன வருஷம் டாலர் இறங்கியது. வெளிநாட்டுக்காரரிடம் விலை பேசுவது டாலரில். பணம் வருவது மூன்று மாதம் கழித்து. அதற்குள் டாலர் இறங்கினால், அதே சரக்குக்குக் கையில் வரும் ரூபாய் கம்மி. 'டாலராவது, இறங்கறதாவது' என்று ஊரே நம்பியிருந்தது. ஜமீல் பாயும்தான். கம்பெனியில் இருநூறு பெண்கள் தைக்கிறார்கள். ஒரு ஷிஃப்ட்டை நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது.

பொங்கல் முடிந்த வாரம் அப்பா போன் செய்தார். "ஸ்டெல்லா, பேங்க்ல இருந்து ஒருத்தர் ஏதோ கான்ட்ராக்ட் கொண்டாந்துகீறார். டாலர் எறங்கினா பேங்க் காசு குடுக்குமாம். முப்பது பக்கம். ஊர்ல நெறைய பேர் போட்டுட்டாங்களாம். முதலாளி நாளைக்கிக் கையெழுத்துப் போடறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் வந்து பாக்கறியா?"

அன்றைக்குச் சிரித்த அதே அப்பா! லீவு போட்டுவிட்டுப் போனேன்.

டை கட்டிய இளைஞர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "மேடம், இது கொஞ்சம் டெக்னிக்கல்."

வந்ததே கோபம். "அதைத்தான் சார் மூணு வருஷம் படிச்சேன். குடுங்க இப்படி."

பதினேழாம் பக்கத்தில் இருந்தது விஷயம். இரண்டு முறை படித்தேன்.

"பாய், டாலர் ஏறினா இன்னா ஆகும்னு கேட்டீங்களா?"

"எங்கம்மா ஏறப் போவுது? எறங்கிக்கினேதான இருக்கு?"

"ஏறுமா இறங்குமான்னு எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது."

"தெரியாதா? அப்ப இன்னாத்துக்குப் படிச்ச?"

"தப்பாப் போனா எவ்வளவு போகும்னு பாக்கறதுக்கு!"

நாற்காலியில் கிடந்த அவர் துண்டை எடுத்தேன். பாய் என் கையைப் பிடிக்க மாட்டார். அதனால் அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். கோத்து, துண்டைப் போட்டு மூடினேன்.

"நான்தான் நீங்க. அப்பாதான் பேங்க்கு. டாலர் எறங்கினா அப்பா எனக்குக் காசு குடுப்பாரு. மூணு தடவை குடுத்ததும் கையை உருவிக்கினு போய்டுவாரு. டாலர் ஏறினா நான் அப்பாவுக்கு ரெண்டு மடங்காக் குடுக்கணும், வருஷம் பூரா. நான் கையை எடுக்கவே முடியாது. சொல்லுங்க பாய், மண்டியில இப்படி ஒரு துண்டுல கை வெப்பீங்களா?"

பாய் துண்டையே பார்த்தார். அப்புறம் அந்த இளைஞரைப் பார்த்தார். "நெஜமா சார்?"

"அந்த சிச்சுவேஷன் வராது சார்."

"வந்தா?"

"வந்தா... ஆமா சார்."

பாய் பேனாவை மூடினார். சாதாரண முறையில், பாதி ஆர்டருக்கு வரும் டாலருக்கு மட்டும் அன்றைய விலையை ஒட்டி பேங்க்கிலேயே முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதில் திடீர் லாபமும் இல்லை, தூக்கமும் கெடாது.

நான் மட்டும் தூங்கினேனா? இல்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்கு இரண்டு மாதம் பணம் வந்தது. ஒருவர் கார்கூட வாங்கினார். அப்பா போனில், "முதலாளி ஒண்ணும் சொல்லல... ஆனா என்னைப் பாத்தாரு" என்பார். ஷிஃப்ட் நின்றிருந்தால் அத்தனை வீட்டுச் சாபமும் என் படிப்பின் மேல்தான் விழுந்திருக்கும். பயந்துதான் போயிருந்தேன்.

அப்புறம் டாலர் ஏறியது. கார் வாங்கியவர் இப்போது வக்கீல் வீட்டுக்கு அலைகிறார். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. பாயின் கம்பெனியில் எந்த ஷிஃப்ட்டும் நிற்கவில்லை. ஆனால், 'இதப் படிச்சிட்டு இன்னா ஆவப் போற' என்று கேட்ட அத்தனை பேரும் ஒரு தடவை அந்த ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று பார்க்கட்டும்.

சரி, போனுக்கு வருவோம்.

"பாய், வட்டிக்கு விடற படிப்புக்கா அப்ளிகேஷன்?"

பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"அட, அத இன்னுமா ஞாபகம் வெச்சிக்கினு இருக்க?" என்று சிரித்தார். "அப்பாகிட்ட ஃபாரம் குடுத்தனுப்பும்மா. நானே ஃபில்லப் பண்ணிடறேன்."

"அதெல்லாம் முடியாது பாய். அவளையே வரச் சொல்லுங்க. முழுசாப் படிச்சுப் பாத்துட்டு, அவளே கையெழுத்துப் போடட்டும்!"