‘வாறன்’ என்று சொல்லி முடித்த அழைப்புகள்

அலுவலகப் பதிவில் அது விடுமுறை. சம்பளமில்லாத விடுமுறை. அந்த விடுமுறையில் நான் இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்தேன். புளியந்தீவு அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்த எனக்கு முதல் வாரமே முதுகு நிமிரவில்லை. அரைகுறையாய் நின்ற வீட்டைக் கட்டி முடிக்க எல்லோருமாக எடுத்த முடிவு அது. அப்போது எனக்கும் சரியென்றுதான் பட்டது. சரிதானா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று வயது மகளைத் தேற்றாத்தீவில் தங்கையிடம் விட்டிருந்தேன். கணவர் வேளாண்மைக் காலத்தில் வயலே கதியென்று வட்டை வெளியிலேயே கிடப்பவர். பிள்ளையை அவரிடமே விட்டிருக்கலாமோ என்றும் சில நாள் தோன்றும்.

மதிய இடைவேளையில், செடிகளுக்கு மேல் போட்ட பிளாஸ்டிக் கூடாரத்தின் கடைசியில், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று வீடியோ கோல் எடுப்பேன். ஊரில் அப்போது பின்னேரம். மகள் போனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பாள். பாதி நேரம் அவளுடைய ஒரு கண்தான் தெரியும்.

“அம்மா, உங்கட மூக்கு செவந்து போய்க் கிடக்கு.”

“உங்கம்மா வெள்ளக்காரியாகிட்டா புள்ள. இனி நமக்கு இங்கிலீசிலதான் ஏசுவா,” என்று பின்னாலிருந்து தங்கை சிரிப்பாள்.

இடைவேளை முடிய, “சரி மனே, அம்மா வாறன்” என்று செல்லம் கொஞ்சி முடிப்பேன். மற்றவர்கள் போனில் ‘வைக்கிறன்’ என்பார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘போறன்’ என்பதோ எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகிறவர்கூடச் சொல்லாத சொல். விடைபெறுவதென்றால் வாறன்தான்.

ஒருநாள் நான் சொல்லி முடித்த பிறகும் அழைப்பு துண்டிக்கப்படவில்லை. போனைக் கதிரையில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது.

“சின்னம்மா, என்ட செருப்பு எங்க?”

“இப்ப என்னத்துக்குகா செருப்பு? வா, தேத்தண்ணி குடிப்பம்.”

“அம்மா வாறன் எண்டு சொன்னா.”

“அது சும்மா சொல்றது புள்ள.”

“இல்ல. சொன்னா.”

படலை திறக்கும் சத்தம் கேட்டது. நான் துண்டித்துவிட்டு உடனே திரும்ப எடுத்து, பிள்ளை எங்கே போகிறாள் என்று கேட்டேன்.

“உங்களுக்குச் சொன்னா அங்க இருந்து அழுவீங்க அக்கா, அதான் சொல்லல்ல,” என்றாள் தங்கை. “ரோட்டோரத்தில போய் நிப்பா. பஸ்ஸெல்லாம் பாப்பா. இருட்டப் போக்குள்ள நான் தூக்கிட்டு வந்திருவன்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஓம்.”

மறுநாள் பழம் பறித்துக்கொண்டே சொல்லிப் பழகினேன். வைக்கிறன், வைக்கிறன். பிள்ளையிடம் அதைச் சொன்னபோது அவள் அசையாமல் பார்த்தாள்.

“வாறன் எண்டு சொல்லுங்க.”

“அம்மா இன்னும் கொஞ்ச நாள் செண்டுதான் வருவன் மனே.”

“சொல்லுங்க!”

“சொல்லுங்க அக்கா, அழப் போறா,” என்றாள் தங்கையும்.

மேற்பார்வைக்காரி கை காட்டிக் கூப்பிட்டாள். சொன்னால் ரோட்டில் போய் நிற்பாள், சொல்லாவிட்டால் அழுவாள். நான் சொல்லவில்லை. அவள் அழுதாள். வேலைக்குத் திரும்பிய நான் எந்தப் பழத்தைப் பறித்தேனோ தெரியாது, காயெல்லாம் பெட்டியில் கிடந்ததென்று ஏச்சு விழுந்தது.

அதன் பிறகு அவள் செருப்புக் கேட்கவில்லையாம். நான் முடிக்க வாயெடுக்கும் முன்பே, சிவப்புப் பொத்தானை அவளே அமத்திவிடுவாள். எந்த நேரத்தில் அமத்துவாளோ என்ற பயத்தில் நான் வேகமாகப் பேசத் தொடங்கினேன். சாப்பிட்டியா, காய்ச்சல் விட்டிட்டா, அப்பா வந்தவரா. பதில் வருமுன் திரை அணைந்துவிடும்.

பறிப்புக் காலம் முடிந்து பயணப்படும் அன்று, “மனே, அம்மா நாளைக்கு மெய்யாவே வாறன்” என்றேன். “ஓம்” என்றாள். அமத்தினாள்.

தங்கை வீட்டில் வேனிலிருந்து இறங்கியபோது படலையடியில் யாருமில்லை. உள்ளே அவள் தங்கையின் மடியில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. கொஞ்ச நேரம் என் பயணப் பெட்டியையே பார்த்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“சின்னம்மா, அம்மா எப்ப போவா?”

“சீ, போவா எண்டு சொல்லக் கூடாது புள்ள,” என்று தங்கை அதட்டினாள்.

ஏனென்று விளங்காமல் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் பெட்டியை அவள் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.